எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் ‘பாலிப்’ என்று வந்தால்: படித்துப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

இரைப்பை எண்டோஸ்கோப்பி முடிந்த கையோடு தரும் ரிப்போர்ட்டில் ‘பாலிப்’, ‘நாடியூல்’, ‘சப்மியூகோசல் லீஷன்’ என்று ஏதாவது ஒரு சொல் இருந்துவிட்டால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. கூகுளில் தேடுவார்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போடுவார்கள். சில நாள் கழித்து பயாப்ஸியில் ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்ததும் காகிதம் பீரோவுக்குள் போய்விடும். திசுப் பரிசோதனை செய்து அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது இந்தக் கடைசிக் காட்சிதான். ஏனென்றால் கவனிக்க வேண்டிய வரி பெரும்பாலும் பாலிப்பைப் பற்றியதாக இருக்காது. அதற்கடியில், சுற்றியுள்ள உட்சவ்வைப் பற்றி எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

இரைப்பையில் தென்படும் சிறு முளைகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் அவற்றில் பல சும்மா முளைப்பதில்லை. செடியைப் பிடுங்கிவிட்டு மண்ணைப் பார்க்காமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். சில சமயம் வேறு ஏதாவது முளைக்கும். இந்தக் கட்டுரை, முதல் முறையாக இப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணையாக வருபவர்களுக்கும்.

படி 1: இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வையுங்கள்

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் கண்ணால் பார்த்தது. பயாப்ஸி ரிப்போர்ட் நுண்ணோக்கியில் பார்த்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று அரைகுறை. முதலாவதில் நீங்கள் தேட வேண்டியவை: எங்கே இருந்தது, எத்தனை மில்லிமீட்டர், ஒன்றா பலவா, காம்பு உண்டா, மேற்பரப்பு வழவழப்பாக இருந்ததா புண்ணாக இருந்ததா.

‘எங்கே’ என்பதுதான் இதில் முக்கியம். உணவுக்குழாய் வந்து சேரும் இடம் கார்டியா. அதற்கு மேலே குவிமாடம் மாதிரி இருப்பது ஃபண்டஸ். நடுவில் பெரும்பகுதி பாடி. சில ரிப்போர்ட்டில் கார்பஸ் என்று இருக்கும். கீழ்ப்பகுதி ஆன்ட்ரம். குடலுக்குள் திறக்கும் வாசல் பைலோரஸ். அமிலம் சுரக்கும் செல்கள் ஃபண்டஸிலும் பாடியிலும்தான் உண்டு. ஆன்ட்ரத்தில் இருப்பவை வேறு வகைச் சுரப்பிகள். அதனால்தான் ஒரே மாதிரி தெரியும் இரண்டு முளைகள், இடம் மாறினால் வேறு வேறு நோயாக இருக்கின்றன.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். பல இடங்களில் பயாப்ஸி எடுத்த பாட்டிலை உறவினர் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். உங்களிடம் கொடுத்தால் பாட்டிலின் மேல் பெயர், வயது, எடுத்த இடம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இரண்டு இடத்தில் எடுத்திருந்தால் இரண்டு பாட்டில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது ஃபார்மலின், திசுவைக் கெடாமல் காக்கும் திரவம். அதைத் திறக்கவும் வேண்டாம், கெட்டுவிடுமோ என்று பயந்து ஃபிரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். கூடவே எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டின் நகலையும் கொடுங்கள். துணுக்கு மட்டும் வந்து தகவல் வராவிட்டால் எங்களால் பாதிதான் சொல்ல முடியும்.

படி 2: மேலே முளைத்ததா, அடியிலிருந்து தள்ளுகிறதா?

இரைப்பைச் சுவர் அடுக்கடுக்கானது. உள்ளே தெரிவது உட்சவ்வு. ரிப்போர்ட்டில் மியூகோஸா என்று வருவது இதுதான். அதற்கடியில் சப்மியூகோஸா, அதற்கும் கீழே தசை, வெளியே ஓர் உறை. பாலிப் என்பது பொதுவாக உட்சவ்விலிருந்தே வளர்வது. ‘சப்மியூகோசல்’, ‘சப்எபிதீலியல்’ என்று எழுதியிருந்தால் மேலே உள்ள உட்சவ்வு நன்றாக இருக்கிறது, அடியிலிருந்து ஏதோ மேடு தள்ளுகிறது என்று பொருள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியே போகும் இடுக்கி சில மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கிள்ளும். அடியில் இருக்கும் மேட்டுக்கு அது எட்டாது. ஆகவே பயாப்ஸியில் ‘இயல்பான உட்சவ்வு’ என்று வரும். அந்த வரியைப் படித்து மேடு ஒன்றுமில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். இடுக்கி அதைத் தொடவே இல்லை, அவ்வளவுதான்.

இப்படி வந்தால் அடுத்தது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். குழாயின் முனையிலேயே ஸ்கேன் கருவி இருப்பதால் மேடு எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிவிடும். சப்மியூகோஸாவில் (ஸ்கேன் கணக்கில் மூன்றாவது அடுக்கு) பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் அனேகமாகக் கொழுப்புக்கட்டி. எண்டோஸ்கோப்பியில் இடுக்கியால் அமுக்கினாலே அது பஞ்சு போல அமுங்கி எழும். மருத்துவர் அதைப் பார்த்தே பாதி முடிவு செய்துவிடுவார். தசை அடுக்கில் (ஸ்கேன் கணக்கில் நான்காவது) கறுப்பாகத் தெரிந்தால் தசைக்கட்டியாக இருக்கலாம், ‘ஜிஸ்ட்’ என்ற வகையாகவும் இருக்கலாம். ஜிஸ்ட்டை தீங்கற்றது என்ற பட்டியலில் சேர்க்க முடியாது. அளவையும் செல்கள் பிரியும் வேகத்தையும் வைத்துத்தான் அதன் குணத்தைச் சொல்ல முடியும். அதனால் இந்த அடுக்கில் ஏதாவது இருந்தால் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

படி 3: பெயரைப் பிடியுங்கள்

நீளமான பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். அடிக்கடி வருபவை சிலவும், அரிதாக வருபவை சிலவும்தான்.

ஃபண்டிக் கிளாண்ட் பாலிப். பெயரே இடத்தைச் சொல்லிவிடுகிறது: ஃபண்டஸிலும் பாடியிலும் வரும். பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குள், வழவழப்பாக, சில சமயம் கூட்டமாக. சுற்றியுள்ள உட்சவ்வு ஆரோக்கியமாக இருக்கும், எச்.பைலோரி கிருமி பொதுவாக இருக்காது. அப்படியானால் ஏன் வந்தது? வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள். நம் ஊரில் மருந்துக்கடையில் கேட்டாலே கிடைக்கும், பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்ததைப் பத்து வருடம் போடுகிறவர்கள் ஏராளம். தேவையில்லாமல் போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டுக் குறைக்கலாம். பாலிப்பும் சுருங்க வாய்ப்புண்டு. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள், ரத்தக்கசிவு வந்தவர்கள், பயந்துபோய்த் தாங்களாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு அந்த மாத்திரை காவல். இன்னொன்று: இளம் வயதில் இருபது முப்பது என்று கொத்தாக இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் ஒரு பாலிப் நோயில் இரைப்பையிலும் இப்படித் தெரியும். அவர்களுக்குக் கொலனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, தேவைப்படும்.

ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப். முந்தையதற்கு நேர் எதிர். இது நல்ல உட்சவ்வில் முளைப்பது அரிது. நீண்டநாள் அழற்சி, புண், எச்.பைலோரி, தேய்ந்துபோன உட்சவ்வு இவற்றின் மேல்தான் வரும். திரும்பத் திரும்பச் சேதமாகித் திரும்பத் திரும்ப ஆறும்போது உட்சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்துவிடுவதன் விளைவு இது. எச்.பைலோரி இருந்து, அதை மருந்தால் ஒழித்தால் பலருக்கு இந்தப் பாலிப் தானாகவே சுருங்கிவிடுகிறது, சிலருக்கு மறைந்தே போகிறது. எனவே சின்னதாக இருந்தால் முதலில் கிருமி சிகிச்சை, சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பது என்பது நியாயமான வழி. அமெரிக்க இரைப்பைக் குடல் எண்டோஸ்கோப்பி சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் எடுத்துவிடச் சொல்கிறது. பெரிதாகப் பெரிதாக அதற்குள் செல் மாற்றம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் காரணம்.

சாந்தோமா. சில மில்லிமீட்டரில் மஞ்சள் புள்ளி. கொழுப்பை விழுங்கிய நுரை நுரையான செல்கள் உட்சவ்வுக்குள் கூடியிருக்கும். ‘கொழுப்பு’ என்றதும் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தேட வேண்டாம். கண்ணிமையில் வரும் மஞ்சள் தடிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். இந்தப் புள்ளியால் ஒரு கெடுதலும் இல்லை, எடுக்கவும் தேவையில்லை. ஆனால் இது அடிக்கடி தேய்ந்த, குடல்வகையாக மாறிய உட்சவ்வில் வருவதால் எங்களுக்கு ஒரு சமிக்ஞை. லேபில் இதற்கு இன்னொரு தலைவலி உண்டு: இந்த நுரைச் செல்கள் ஒரு மோசமான புற்றுநோய் வகையின் செல்களைப் போலவே மயக்கும். சந்தேகம் வந்தால் சிடி68, கெரட்டின் என்று சிறப்புச் சாயங்கள் போட்டுப் பார்ப்போம். அதற்காக ரிப்போர்ட் இரண்டு நாள் தள்ளிப்போனால் லேப்காரரைத் திட்டாதீர்கள்.

பான்கிரியாட்டிக் ரெஸ்ட் அல்லது ஹெட்டிரோடோபிக் பான்கிரியாஸ். கருவில் உருவாகும்போது கணையத்தின் ஒரு துணுக்கு வழிதவறி இரைப்பைச் சுவரில் தங்கிவிடுவது. ஆன்ட்ரத்தில், பைலோரஸுக்குப் பக்கத்தில், நடுவில் தொப்புள் போல ஒரு குழியோடு தெரியும். படம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

இப்போது அரிதான ஒன்றில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப். பெயரில் ஃபைப்ராய்டு இருப்பதால் கருப்பைக் கட்டியோடு தொடர்பு என்று நினைத்துவிட வேண்டாம், ஒரு தொடர்பும் இல்லை. செக் நாட்டு நோயியல் மருத்துவர் வானெக் 1949-இல் இதை விவரித்தார்; அதனால் வானெக் கட்டி என்றும் சொல்வார்கள். இரைப்பையில் ஆன்ட்ரத்தில்தான் அதிகம். சப்மியூகோஸாவில் தொடங்கி மேல்நோக்கித் தள்ளும். நுண்ணோக்கியில் கதிர் வடிவச் செல்கள் ரத்தக்குழாய்களைச் சுற்றி அடுக்கடுக்காக வளைந்திருக்கும், நடுவில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் நிறைய. நீண்ட காலம் இதை வெறும் அழற்சி வினை என்றே நினைத்தார்கள். 2008 வாக்கில்தான் இதில் பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. அதாவது இது உண்மையான கட்டிதான், ஆனால் தீங்கற்றது. சிக்கல் என்னவென்றால் அதே மரபணு மாற்றம் சில ஜிஸ்ட் கட்டிகளிலும் உண்டு, சிடி34 சாயம் இரண்டிலும் ஏறும். பிரித்துச் சொல்ல உதவுவது சிடி117, டாக்1 சாயங்கள்: பெரும்பாலான ஜிஸ்ட்டில் ஏறும், இதில் ஏறாது. முழுவதும் எடுத்துவிட்டால் தீர்ந்தது, பரவாது. பெரிதாகிக் காம்போடு தொங்கும்போது மட்டும் பைலோரஸ் வாசலில் போய் அடைத்துக்கொண்டு, சாப்பிட்டது வாந்தியாக வரும், பிறகு தானாகச் சரியாகும், மறுபடி வரும். விட்டு விட்டு வரும் வாந்தி என்று மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். இது அவருக்கு நல்ல துப்பு.

மெனெட்ரியே நோய் இன்னும் அரிது. பிரெஞ்சு மருத்துவர் மெனெட்ரியே 1888-இல் விவரித்தது. கட்டி என்று ஒன்று இருக்காது. பாடியிலும் ஃபண்டஸிலும் உட்சவ்வின் மடிப்புகளே தடித்துப் பெருத்துவிடும், ஆன்ட்ரம் பெரும்பாலும் தப்பிவிடும். அமிலம் குறையும், புரதம் இரைப்பை வழியாகக் கசிந்து கால் வீங்கும். குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் சிஎம்வி என்ற வைரஸ் தொற்றை ஒட்டி வந்து தானே அடங்கிவிடும். பெரியவர்களுக்கு அப்படி எளிதில் போகாது.

‘அடினோமா’ என்று வந்தால் இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை; அளவு எதுவாக இருந்தாலும் எடுக்க வேண்டும்.

படி 4: சுற்றியுள்ள உட்சவ்வைப் பற்றிய வரிகளைப் படியுங்கள்

பயாப்ஸி ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் இந்தச் சொற்களைத் தேடுங்கள். ‘க்ரானிக் கேஸ்ட்ரைட்டிஸ்’: நாள்பட்ட அழற்சி. ‘ஆக்டிவ்’: அது இப்போதும் கனன்றுகொண்டிருக்கிறது. ‘எச்.பைலோரி’ இருக்கிறதா இல்லையா. ‘அட்ரோஃபி’: சுரப்பிகள் தேய்ந்துபோயிருக்கின்றன. ‘இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா’: இரைப்பையின் உட்சவ்வு குடலின் உட்சவ்வு போல உருமாறியிருக்கிறது. ‘டிஸ்பிளேசியா’: செல்லின் தோற்றமே மாறத் தொடங்கிவிட்டது, இதை மட்டும் கண்டால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இவை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கின்றன, பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு. முதல் தள்ளுதலைக் கொடுப்பது பெரும்பாலும் எச்.பைலோரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982-இல் வளர்த்துக் காட்டிய கிருமி. 2005-இல் அதற்கு நோபல் பரிசு. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இது உண்டு, அவர்களில் மிகப்பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இங்கே ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அமிலம் சுரக்கும் செல்களை அழிக்கிறது. பாடி, ஃபண்டஸ் முழுக்க உட்சவ்வு மெலிந்துபோகும். ஆன்ட்ரம் நன்றாக இருக்கும். அங்கங்கே அழியாமல் தப்பிய நல்ல உட்சவ்வுத் திட்டுகள், சுற்றிலும் தாழ்ந்துவிட்டதால், மேடாகத் தெரியும். குழாய் வழியே பார்ப்பவருக்கு அவை பாலிப். அந்த ‘பாலிப்’பை மட்டும் கிள்ளி அனுப்பினால் நாங்கள் ‘இயல்பான உட்சவ்வு’ என்று எழுதுவோம். பொய்யில்லை, அது நல்ல திசுதான்! நோய் இருந்தது அதைச் சுற்றி. அங்கிருந்து ஒரு துணுக்குகூட வரவில்லை.

இதைத் தவிர்க்கத்தான் ‘சிட்னி முறை’ என்று ஒன்று இருக்கிறது. ஆன்ட்ரத்தில் இரண்டு, பாடியில் இரண்டு, இரண்டும் சந்திக்கும் வளைவில் ஒன்று என ஐந்து துணுக்குகள், எந்த இடத்தது என்று பிரித்து. பாலிப்பை எடுக்கும்போதே சுற்றியிருப்பதையும் இப்படி எடுத்துவிட்டால் இரண்டாவது முறை குழாய் விழுங்க வேண்டியதில்லை. எண்டோஸ்கோப்பிக்கு முன்பே, “டாக்டர், பாலிப் ஏதாவது இருந்தால் சுற்றியும் பயாப்ஸி எடுப்பீங்களா?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆட்டோஇம்யூன் வகையில் வைட்டமின் பி12 உறிஞ்சப்படாது. ரத்தசோகை, கால் மரத்துப்போவது, மறதி என்று வரும். நம் வீடுகளில் பி12 குறைந்தால் “சைவம் சாப்பிடுறவங்கதானே, அதான்” என்று முடித்துவிடுகிறோம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மீதும் பழி போடலாம், அதுவும் உண்மைதான். ஆனால் ஊசி போட்டு ஏறிய பி12 நிறுத்தியதும் மறுபடி இறங்கினால், அல்லது தைராய்டு ஆட்டோஇம்யூன் நோயும் கூடவே இருந்தால், இரைப்பையைப் பார்க்க வேண்டும். இந்த இரைப்பையில்தான் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப், ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வரும் சின்னச் சின்ன நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் இரண்டுமே முளைக்கின்றன.

படி 5: மருத்துவரிடம் எதைக் கேட்பது

நான்கு கேள்விகள் போதும். இந்த முளையின் பெயர் என்ன, முழுதாக எடுத்தாயிற்றா? சுற்றியுள்ள உட்சவ்வில் அட்ரோஃபி, மெட்டாபிளேசியா உண்டா. ஆன்ட்ரத்தில் மட்டுமா, பாடியிலுமா? எச்.பைலோரி சோதனை எப்படிச் செய்தார்கள், அப்போது நான் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேனா? அடுத்த எண்டோஸ்கோப்பி எப்போது, ஏன்?

மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் பல குழப்பங்களுக்கு மூலம் அதுதான். கேஸ் மாத்திரை கிருமியை அடக்கி ஒளித்துவைக்கும். சோதனை ‘இல்லை’ என்று பொய் சொல்லும். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும், ஆன்டிபயாட்டிக் என்றால் நான்கு வாரம். மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

படி 6: சிகிச்சையும் பின்தொடர்தலும்

எச்.பைலோரிக்கு வழக்கமாக 14 நாள் கூட்டு மருந்து. வாய் கசக்கும், வயிறு புரட்டும். ஆறாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்துகிறவர்களிடம்தான் கிருமி மருந்துக்கு அடங்காமல் திரும்புகிறது. முடித்து நான்கு வாரமாவது ஆன பிறகு மூச்சுச் சோதனையோ மலத்தில் ஆன்டிஜன் சோதனையோ செய்து ஒழிந்ததா என்று உறுதிப்படுத்துங்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது இதற்கு உதவாது; கிருமி போன பின்பும் அது நெடுநாள் ‘பாசிட்டிவ்’ காட்டும்.

பாலிப்பை எடுப்பது பெரும்பாலும் அதே குழாய் வழியே சுருக்குக்கம்பியால் அறுப்பதுதான். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். எடுத்த பின் இரண்டு வாரத்துக்குள் தார் போலக் கறுப்பு மலம், தலைசுற்றல் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு.

அடுத்து எப்போது என்பதற்கு ஐரோப்பிய சங்கங்களின் 2019 வழிகாட்டுதல் தெளிவாகச் சொன்னது இது (2025-இல் அது புதுப்பிக்கப்பட்டது). மெட்டாபிளேசியா ஆன்ட்ரத்தில் மட்டும், வேறு ஆபத்துக் காரணி இல்லை என்றால் தொடர்ந்து எண்டோஸ்கோப்பி தேவையில்லை. ஆன்ட்ரம், பாடி இரண்டிலும் பரவியிருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. அதோடு பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் ஒன்று முதல் இரண்டு ஆண்டு. ஆட்டோஇம்யூன் வகைக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறார்கள் என்றால் காரணம் கேளுங்கள், காரணம் இருக்கலாம்.

குறித்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாதவை: ரத்த வாந்தி, கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் மசியாத ரத்தசோகை.

படி 7: ஸ்லைடும் பிளாக்கும் உங்களுக்கும் உரியவை

உங்கள் திசுத்துணுக்கு மெழுகுக் கட்டியில் பதிக்கப்பட்டு லேபில் பல ஆண்டு இருக்கும். அதுதான் பிளாக். அதிலிருந்து சீவியது ஸ்லைடு. வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறீர்கள் என்றால் வெறும் ரிப்போர்ட்டை எடுத்துப் போகாதீர்கள். எழுத்தில் கேட்டு இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லைடை அட்டைப்பெட்டியில் வையுங்கள், பிளாக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், உருகிவிடும். சிறப்புச் சாயம் போட வேண்டும் என்றால் பிளாக் இருந்தால்தான் முடியும். வானெக் கட்டியா ஜிஸ்ட்டா என்ற கேள்விக்குப் பதில் அந்த மெழுகுத் துண்டில்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் பிளாக்கை எடுத்த லேபிலேயே திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.